நாற்பது மணி நேரம் பறந்துவிட்டு அப்புறம் கடன் கேளுங்கள்

போன வாரம் ஒரு நாள் காலை நடை முடித்து, நாழிக்கிணறு பக்கமிருந்து வீடு திரும்பினேன். எதிர்வீட்டு நண்பர் எங்கள் திண்ணையில் காத்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு சிறு புத்தகம். அட்டையில் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கறுப்புக் கண்ணாடியுடன் ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, நீங்க பேங்க்ல இருந்தவங்க. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. பேரன் பைலட் ஆகணும்ங்கான். மவன் துபாய்ல இருந்து போன் போட்டு, தோப்ப வித்துருவோமாப்பாங்கான்" என்றார்.

அவருக்கு அன்று திண்ணையில் வைத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி இப்போது நம் பக்கத்தில் பல வீடுகளில் எழுந்திருக்கிறது. 2025 ஜூலை 7ஆம் தேதி நம் கோயிலில் குடமுழுக்கு. அதே மாதம் 26ஆம் தேதி வாகைக்குளத்தில் தூத்துக்குடி விமான நிலையத்தின் புது முனையத் திறப்பு. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. முன்பெல்லாம் விசிறி சுற்றும் சின்ன விமானம் மட்டும் வந்துபோன இடத்தில் பெரிய ஜெட் இறங்கலாம். ஊருக்குப் பெருமைதான். அந்தப் பெருமையின் பின்னாலேயே "உங்கள் பிள்ளையை விமானி ஆக்குகிறோம்" என்கிற வழவழப்புப் புத்தகமும் வந்துவிடுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பறக்கக் கற்பது நல்ல விஷயம். விமானி வேலை மரியாதையான வேலை. ஆனால் ஒரு பையனோ பெண்ணோ 40 மணி நேரம் பறந்து பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்கிற முதற்படியைத் தாண்டும் முன்பாக, முழுப் படிப்புக்கும் நிலத்தை அடகு வைப்பதோ விற்பதோ குடும்பத்துக்குச் செய்யும் துரோகம். அந்தப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அதைவிடப் பெரியது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அந்தத் துரோகத்துக்கு நானே கையெழுத்துப் போட்டவன்.

என் தங்கை குரும்பூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மச்சானுக்குக் கடம்பாகுளத்துப் பாசனத்தில் வாழைத் தோட்டம். ஒரே மகன். நல்ல பையன், நன்றாகப் படிப்பான், பெரியவர்கள் பேச்சைத் தட்டமாட்டான். இந்தக் கடைசிக் குணம்தான் பின்னால் வினையாக வந்தது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தான். இயற்பியலும் கணிதமும் படித்திருந்தான். வேறு மாநிலத்தில் ஒரு பயிற்சி நிறுவனம். பெயர் வேண்டாம். மொத்தச் செலவு 48 லட்சம் என்றார்கள். வங்கிக் கடன் 40, மீதி தங்கையின் நகை. கடனுக்கு வாழைத் தோட்டம் அடமானம், ஜாமீன் நான். வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் மனு முதற்கொண்டு நானே தயார்செய்து கொடுத்தேன். "ஏலே, நம்ம குடும்பத்துல ஒரு பைலட்டு!" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் உரக்கச் சொன்னதும் நான்தான்.

அவனிடம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் என்ன சொல்லியிருப்பான்? அதுவரை அவன் விமானத்தில் ஏறியதே இல்லை.

2023 ஆனி மாதம் பையோடு வீட்டுக்கு வந்து நின்றான். இரண்டு வருடத்தில் அவன் பறந்திருந்தது 58 மணி நேரம். வங்கி அதுவரை விடுவித்திருந்தது 24 லட்சம். பனிமூட்டம் என்று சில மாதம், மழை என்று சில மாதம், விமானம் பழுது என்று சில மாதம், கற்றுக்கொடுப்பவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று சில மாதம். தவணை மட்டும் தேதி தவறாமல் கட்டியாகிவிட்டது. இவையெல்லாம் வெளிக் காரணம். உள்காரணத்தை அவன் ஆறு மாதம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னான்.

"மாமா, ரெண்டாவது மாசமே தெரிஞ்சு போச்சு, இது எனக்கு ஒத்துவராதுன்னு. ஓட்டத் தெரியாம இல்ல மாமா. தனியா விட்டப்ப ஒழுங்காத்தான் எறக்குனேன். தலையில தண்ணி ஊத்தி கை தட்டுனாங்க. ஆனா ஒவ்வொரு நாளும் காலைல எந்திரிக்கும்போதே வயித்தப் பிசையும். இன்னைக்கு மழை பெய்யணும், பறக்க விடக்கூடாதுன்னு சாமி கும்பிடுவேன்."

"அப்பவே சொல்லலாம்லா?"

"எப்படிச் சொல்லுவேன் மாமா? அதுக்குள்ள பன்னெண்டு லட்சம் போயிருந்துச்சே."

அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். இந்த ஒரு பதிலில்தான் என் வழக்கு முழுவதும் இருக்கிறது. பறப்பது பிடிக்கவில்லை என்பது குற்றமில்லை, கோழைத்தனமும் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் திரும்பி வரும் வாசலை அடைத்துவிட்டோமே, அதுதான் குற்றம். அந்த டிசம்பரில் வந்த வெள்ளம் தோட்டத்தில் மிச்சமிருந்த வாழையையும் சாய்த்துவிட்டுப் போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையை நம்மில் யாரும் மறக்க முடியாது. வாழை போனது, கடன் மட்டும் நின்றது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரைவேட் பைலட் லைசென்ஸ் என்பது என்ன? சுருக்கமாக பி.பி.எல். என்பார்கள். நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. தருவது. 16 வயதில் மாணவ விமானி உரிமம் வாங்கிப் பயிற்சியைத் தொடங்கலாம். 17 வயதில் பி.பி.எல். வாங்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மொத்தம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 20 மணி நேரம் பக்கத்தில் ஆசான் இல்லாமல் தன்னந்தனியாக. அந்த இருபதில் 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர். அதிலும் ஒரு பயணம் 150 கடல் மைலுக்குக் குறையாமல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். வாகைக்குளத்தில் கிளம்பி மதுரையில் இறங்கி, திருச்சியில் இறங்கித் திரும்பி வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான விதிகள், வானிலை, வழி காணல், இயந்திரம் இவற்றில் எழுத்துத் தேர்வு. கண், காது, இதயம் எல்லாம் பார்க்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. இந்த உரிமம் இருந்தால் சின்ன விமானத்தை ஓட்டலாம், நண்பரையோ வீட்டாரையோ ஏற்றிச் செல்லலாம். ஆனால் அதற்காகக் காசு வாங்கக்கூடாது.

காசு வாங்கி ஓட்ட வேண்டுமானால் கமர்ஷியல் லைசென்ஸ், சி.பி.எல். அதற்கு 18 வயது, 200 மணி நேரம், அதில் 100 மணி நேரம் தானே தலைமை விமானியாக, இன்னும் கடினமான தேர்வுகள், முதல் வகுப்பு மருத்துவச் சான்று. அதற்கு மேல் எந்த விமானத்தை ஓட்டப்போகிறாரோ அந்த ரகத்துக்கென்று டைப் ரேட்டிங், அதற்குத் தனியாகப் பல லட்சம்.

கூத்து என்னவென்றால், நம் நாட்டில் சி.பி.எல். வாங்க முதலில் பி.பி.எல். வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாணவ உரிமத்திலிருந்து நேராக அங்கே தாவலாம். அமெரிக்காவில் அப்படி முடியாது. அங்கே பிரைவேட் உரிமம் கையில் இருந்தால்தான் கமர்ஷியல் பரீட்சைக்கே நிற்கலாம். இங்கே அந்தப் படியைத் தாண்டிப் போகலாம் என்பதால், விற்கிறவர்களும் அதைக் காட்டுவதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. என் நண்பர் கொண்டுவந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். பி.பி.எல். என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை.

அந்த 40 மணி நேரத்தில் அப்படி என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். எல்லாமே தெரிந்துவிடும். மருமகன் சொல்லக் கேட்டதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வோர் ஆணியையும் பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியிலிருந்து பெட்ரோலை ஒரு சிறு குழாயில் வடித்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்க்காமல் விட்டாலும் ஆபத்து. வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய், இறக்கை காற்றைப் பிடிக்காமல் விமானம் தொய்ந்து விழும் நிலைக்கு வேண்டுமென்றே கொண்டுபோய், அதிலிருந்து மீட்கப் பழக வேண்டும். மேலே போனதும் ஆசான் என்ஜின் வேகத்தை அடக்கிவிட்டு, "என்ஜின் நின்னுபோச்சு, எந்த வயல்ல எறக்கப்போற?" என்பார். ஏறி, ஒரு வட்டம் அடித்து, இறங்கி, மறுபடி ஏறி, இப்படியே நூறு முறை.

காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். வாகைக்குளம் ஓடுதளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஒரு முனைக்கு 10, மறுமுனைக்கு 28 என்று எண். 100 பாகை, 280 பாகை என்ற திசையைப் பத்தால் வகுத்த கணக்கு அது. ஆனி ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிவிட்டு வரும் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது, கிழக்குப் பக்கமிருந்து வந்து மேற்கே பார்த்து இறங்க வேண்டும். கொண்டல் வீசினால் மறுபக்கம். காற்று நேராக வராமல் பக்கவாட்டில் தள்ளினால் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பி நண்டு மாதிரி வந்து, தரையைத் தொடும் நொடியில் நேராக்க வேண்டும். கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும் இந்த வித்தை ஒரு பிள்ளைக்கு வருமா வராதா, வந்தாலும் அதில் அவனுக்கு மகிழ்ச்சி உண்டா இல்லையா என்பது 40 மணி நேரத்துக்குள் அவனுக்கும் தெரியும், ஆசானுக்கும் தெரியும்.

அமலிநகரிலோ ஆலந்தலையிலோ போய்க் கேட்டுப் பாருங்கள். பையன் கடலுக்குப் போக ஆசைப்படுகிறான் என்பதற்காக எந்தத் தகப்பனும் முதல் நாளே அவன் பெயரில் ஃபைபர் படகும் என்ஜினும் கடன் வாங்கி நிறுத்தமாட்டார். முதலில் தன் படகிலோ சித்தப்பா படகிலோ ஏற்றிக்கொண்டு போவார். பையன் வாந்தி எடுத்துத் துவள்வான். நாலு நாள், பத்து நாள் பார்ப்பார்கள். பழகினால் கடல். பழகாவிட்டால் கரையில் வலை வேலையோ, ஏலக் கூடமோ, படிப்போ. அதில் யாருக்கும் அவமானம் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத கிழவருக்கும் தெரிந்த இந்த நியாயம், பட்டம் வாங்கி வங்கியில் மேனேஜராக உட்கார்ந்த எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வங்கி என்றதும் என் பழைய தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பது வழக்கம். ஒரு தகப்பன் வந்து, "சார், பையன் 40 மணி நேரம் பறந்து பார்க்கட்டும், அதுக்கு மட்டும் ஆறு லட்சம் குடுங்க" என்று கேட்டால், நாங்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். வேலைக்கு உதவாத உரிமம், அதற்குக் கடன் இல்லை என்போம். அதே மனிதர் 40 லட்சம் கேட்டு வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பத்திரம் எங்கே என்போம். ஆறு லட்சம் கேட்டவன் ஜாக்கிரதைக்காரன், அவனுக்கு இல்லை. 40 லட்சம் கேட்டவன் சூதாடி, அவனுக்கு உண்டு! இந்தக் கோணல் கணக்கை நானும் பல வருடம் எழுதியிருக்கிறேன். வங்கிக்கு இதில் நஷ்டம் இல்லை, பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நஷ்டம் யாருக்கு என்பதைக் குரும்பூரில் வந்து பார்க்கலாம்.

40 லட்சத்துக்கு 10 சதவீதம் வட்டி, 15 வருடம் என்று வைத்தால், படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்க்காமலே மாதத் தவணை சுமார் 43 ஆயிரம் வரும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா என்று தவணை கேட்காது.

"அண்ணாச்சி, பேப்பரெல்லாம் விமானி பத்தல பத்தலன்னு எழுதுதானே?" என்று நண்பர் கேட்டார். எழுதுகிறான், பொய்யில்லை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானம், அதே ஜூனில் இண்டிகோ 500 விமானம் என்று ஆர்டர் கொடுத்தார்கள். ஆனால் பற்றாக்குறை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து பழகிய கேப்டன்களுக்கு. அதற்கான உரிமத்துக்கே 1,500 மணி நேரம் வேண்டும். 200 மணி நேரத்தோடு புதிதாக வருகிற பிள்ளை வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நகரும் வேகம் அவன் கையில் இல்லை. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஒவ்வொன்று நிற்கும்போதும் அனுபவசாலிகள் கூட்டமாக வந்து அந்த வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல வருடம் ஆகும். வட்டி அன்றன்றைக்கு வந்து சேரும்.

இன்னொரு பேச்சு உண்டு: "பி.பி.எல். வாங்கி என்ன பிரயோசனம்? அத வச்சு வேலை கிடையாதுல்லா?" கிடையாதுதான். அதனாலேயே அது நேர்மையான படி என்கிறேன். அதை வைத்து யாரும் சம்பளக் கனவு விற்க முடியாது. அங்கே எழுகிற கேள்வி ஒன்றே ஒன்று: பறக்க வருமா, பிடிக்குமா? வந்து, பிடித்தும் இருந்தால், அந்த 40 மணி நேரமும் வீணில்லை, நாளைக்கு 200 மணி நேரக் கணக்கில் சேரும். பிடிக்கவில்லையென்றால் ஆறு லட்சத்தோடு போகட்டும். ஆறு லட்சம் சின்னத் தொகை என்று நான் சொல்லவரவில்லை. நம் ஊரில் பல குடும்பத்துக்கு அது இரண்டு வருட வாழ்க்கை. ஆனால் ஆறு லட்சக் கடனிலிருந்து ஒரு குடும்பம் எழுந்துவிடும். 24 லட்சத்திலிருந்து எழுவதை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயது போய்விடுமே என்பார்கள். போகாது. 17 வயதில் பி.பி.எல்., 18இல் சி.பி.எல். என்று சட்டமே படிகட்டித்தான் வைத்திருக்கிறது. நாம்தான் படியை விட்டுவிட்டு மாடிக்குத் தாவப் பார்க்கிறோம்.

பறப்பது என்றால் சம்பளம் என்று ஆனதே பிற்பாடு வந்த பழக்கம். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு, 1929 பிப்ரவரி 10இல். பம்பாய் ஃபிளையிங் கிளப்பில் ஆசைக்குக் கற்றுக்கொண்டார். 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பையோடு அவர் ஓட்டிவந்த ஒற்றை என்ஜின் விமானத்தில் இருந்துதான் ஏர் இந்தியா பிறந்தது. கோடீஸ்வரர் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சரி, சரளா தக்ராலைப் பாருங்கள். 1936இல், 21 வயதில், ஒரு குழந்தைக்குத் தாயாக, புடவை கட்டிக்கொண்டு லாகூரில் ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டியவர். அன்று 'ஏ' லைசென்ஸ் என்றது இன்றைய பிரைவேட் லைசென்ஸ்தான். கமர்ஷியலுக்குப் பயிற்சி தொடங்கியபோது 1939இல் கணவர் விமான விபத்தில் இறந்தார். அதே ஆண்டு உலகப் போர் வந்து சிவில் பயிற்சியும் நின்றது. அவர் ஓவியம் கற்று, ஆடையும் நகையும் வடிவமைத்துப் பிழைத்து, 2008 வரை நிறைவாக வாழ்ந்தார். வான்வழி அடைபட்டபோது அவருக்குத் தரைவழி திறந்திருந்தது. நம் மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலும் அப்படித்தான். 'ஏ' லைசென்ஸ் வாங்கிய கோதவர்ம ராஜாவின் பறக்கும் ஆசையில் இருந்துதான் 1930களில் அங்கே ஃபிளையிங் கிளப்பும் விமான நிலையமும் உருவாயின.

அந்தக் காலத்து ஃபிளையிங் கிளப்புகளுக்கு அரசு மானியம் இருந்தது. வெள்ளைக்காரன் தன் தேவைக்குக் கொடுத்தான், சுதந்திரத்துக்குப் பின் நம் அரசும் கொஞ்ச காலம் கொடுத்தது. அதனால் ஓரளவு வசதியுள்ளவர்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக் கற்றார்கள். பறந்த மணிக்குத்தான் காசு. இன்றைக்கு எல்லாம் 'பேக்கேஜ்'. பறக்காத மணிக்கும் முன்பணம்.

தெற்கே நமக்கு இடத்துக்கா பஞ்சம்? இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கயத்தாற்றில் கிடக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் உள்ள ஓடுதளத்தில் விமானிப் பயிற்சி நிறுவனம் கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்திருக்கிறது. வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் அதுவும் இன்னொரு 48 லட்ச ரூபாய்க் கடையாக வருமானால் நமக்கு என்ன லாபம்? 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை வ.உ.சி. தொடங்கியபோது, பங்கை ஊர் மக்கள் வாங்கினார்கள். நம் மண்ணில் கப்பல் ஓட்டியதற்கே அப்படியொரு முன்மாதிரி இருக்கும்போது, பறக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பொது மன்றம் நடத்த முடியாதா? இரண்டு சின்ன விமானம், இரண்டு ஆசான்கள், மணிக் கணக்கில் கட்டணம், அரசுப் பள்ளியில் படித்த பத்துப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 40 மணி நேரம் இலவசம். நான் கேட்பது இவ்வளவுதான்.

வங்கிகள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். கடனை இரண்டாக வெட்டுங்கள். முதல் பகுதி பி.பி.எல். வரைக்கும், சொத்து ஈடு இல்லாமல். அந்த உரிமத்தைக் கொண்டுவந்து காட்டினால்தான் இரண்டாம் பகுதி. தவணையைக் காலண்டரைப் பார்த்து விடுவிக்காமல், பையனின் பறப்புப் பதிவேட்டைப் பார்த்து விடுவியுங்கள். பறந்த மணியெல்லாம் அதில் கையெழுத்தோடு இருக்கும். என் மருமகனின் பதிவேட்டை இரண்டு வருடத்தில் ஒரு முறையாவது நான் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால், 24 லட்சம் 10 லட்சத்தோடு நின்றிருக்கும். நான் கேட்கவில்லை. ஜாமீன் போட்ட மாமனுக்கு, பையன் யூனிஃபார்மில் அனுப்பிய போட்டோ போதுமாயிருந்தது.

டி.ஜி.சி.ஏ. செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. கமர்ஷியல் உரிமம் கேட்பவர் முதலில் பிரைவேட் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று விதியில் சேர்க்கட்டும்.

அரசும் வங்கியும் செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை விமானி ஆக வேண்டும் என்றால் முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. நிறப் பார்வைக் குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, பயிற்சி நிறுவனத்துக்கு நேரில் போய், பறக்கும் நிலையில் எத்தனை விமானம் நிற்கிறது, போன மாதம் ஒரு மாணவன் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தான் என்று மாணவர்களிடமே கேளுங்கள். அலுவலக அறையில் கேட்காதீர்கள், டீக்கடையில் கேளுங்கள். பிறகு பி.பி.எல். வரைக்கும் மட்டும் பணம் கட்டுங்கள். முடியாது, முழுப் பேக்கேஜ்தான் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாக, பத்து மணி நேரம், இருபது மணி நேரம், நாற்பது மணி நேரம் என்று மூன்று முறை பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, "பிடிச்சிருக்கால?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் முகம் சுளிக்காமல் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையன் ரொம்ப ஆசைப்படுதான் அண்ணாச்சி, மனசு ஒடிஞ்சு போயிருவானோ?" என்றார். ஆசைப்படட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. 40 மணி நேரம் பறந்துவிட்டு அதே ஆசையோடு வந்து நின்றானானால், கடன் மனுவை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தோப்பை இப்போதைக்கு விற்கவில்லை என்று மகனுக்கு அன்றே போன் போட்டுவிட்டார்.

என் மருமகன் இப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறான். காலையில் வயிற்றைப் பிசைவதில்லை என்கிறான். ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்குப் போகிறது. மீதியை மச்சானும், என் ஓய்வூதியத்திலிருந்து நானும் போடுகிறோம். தோட்டத்துப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.